அயர்லாந்துக்காரரின் கடைசிப் பகுதி

இன்று காலை எனக்குத் தடிமன், மூக்கடைப்பு. மனைவி கோடாலித் தைலப் போத்தலைத் திறந்து என் நெற்றியில் தேய்த்தாள். அந்த மணத்தோடு நீர் நினைவில் வந்து என் பழைய அச்சுக்கடை வாசலில் நின்றீர். மற்றவர்களுக்கு அது காய்ச்சல் வருத்தக்காரரின் மணம். எனக்கு அது உம்முடைய கையெழுத்தின் மணம். எழுதும்போது நெற்றியில் தைலம் பூசுவீர், பூசிய விரலாலேயே தாளைத் திருப்புவீர். அந்தத் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் கணினியில் அடிக்கும்போது என் கண்ணால் தண்ணீர் ஓடும். "என்ன நானா, என்ர எழுத்து உங்களை அழ வைக்குதோ?" என்பீர். "எழுத்து இல்லை ஐசே, உம்மட தைலம்" என்பேன். இன்றைக்கு மனைவியும் ஏன் கண் கலங்குது என்று கேட்டாள். தைலம் என்றுதான் சொன்னேன்.

நீர் போன பிறகு உமக்கு ஒரு வரி நான் எழுதவில்லை. எழுதுவது உம்முடைய வேலை, அதைப் பக்கமாக்குவது என் வேலை என்று இருந்துவிட்டேன். இப்போது கடையும் இல்லை. இந்தக் குளிர் நாட்டில், நகருக்கு வெளியே ஸ்ரௌவ்விலில் மகன் வாங்கிய வீட்டில் இருக்கிறேன். புது வீடு, புதுத் தெரு, நட்ட மரமெல்லாம் என் இடுப்புயரம். சாமான் வாங்கப் போவதென்றாலும் கார் வேண்டும், காரோட்ட மகன் விடுகிறான் இல்லை. உம்மோடு கதைக்க நிறைய நேரம் இருக்கிறது.

நகருக்குள்ளே, எங்களுடைய சனம் நிறைந்த வெக்ஸ்போர்ட்டில் என் அச்சுக்கடை உமக்கு நினைவிருக்கும். ஒரு பக்கம் கொத்துரொட்டிக் கடை, மறுபக்கம் காப்புறுதிக்காரர். கலியாண அட்டை, பெண்பிள்ளைகளின் சாமத்திய வீட்டு அட்டை, செத்தவீட்டு நினைவு மலர் எல்லாம் அங்கேதான். நினைவு மலர் என்றால் தேவாரம் இருக்க வேண்டும். யாழ்ப்பாணத்துச் சோனகனாகிய, முஸ்லிமாகிய நான் அடித்து அடித்தே பதிகம் பதிகமாக மனப்பாடம் செய்துவிட்டேன். "நானா, நீங்கள் எங்கட ஆக்களுக்குத் தேவாரம் போட்டுக் குடுக்கிறீங்கள். நீங்கள் போனா நான் வந்து யாசீன் ஓதுவன்" என்று நீர் பகிடி விடுவீர். "உம்மட மட்டக்களப்புத் தமிழில ஓதினா எனக்குக் கபுறுக்குள்ள நித்திரை வராது" என்று நானும் சொல்லுவேன். ஐந்தாறு வயது எனக்கு இளையவர் நீர், அதனால் எங்கள் முறைப்படி என்னை அண்ணனாக்கி 'நானா' என்பீர். ஆனாலும் முதல் நாளிலிருந்து என் வாயில் வந்தது 'நீர்'தான். 'நீ' என்று சொல்ல உம்முடைய முகம் விடவில்லை.

உம்முடைய தொழில் அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பது. தமிழில் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும், ஆங்கிலத்தில் கேட்பதைத் தமிழில் கேட்க வேண்டும். கூட்டக்கூடாது, குறைக்கக்கூடாது. அதைவிட ஒரு சட்டம் இருக்கிறது என்று நீர் சொன்னபோதுதான் நான் அந்த வேலையை மதித்தேன். விசாரிக்கப்படுகிறவர் 'நான்' என்றால் நீரும் 'நான்' என்றே சொல்ல வேண்டும். 'அவர் சொல்கிறார்' என்று சொல்லக்கூடாது. என்னை அடித்தார்கள், என் வீடு எரிந்தது, நான் ஓடினேன் என்று காலையிலிருந்து பின்னேரம்வரை ஊரார் துன்பமெல்லாம் உம்முடைய வாயால் 'நான்' ஆகும். பிறகு பஸ் பிடித்து என் கடைக்கு வருவீர். வெட்டிவைத்த அட்டைகளை எடுத்து அடுக்கத் தொடங்குவீர். நானும் விட்டுவிடுவேன்.

ஊரில் சண்டை முடிவதற்கு முந்திய இலையுதிர்காலத்தில் ஒரு நாள் அப்படித்தான் வந்தீர். தேத்தண்ணி வைத்தேன், தொடவில்லை. அன்றைக்கு ஓர் இளைஞனின் விசாரணை. பெயர் சொல்லவில்லை, ஊர் சொல்லவில்லை, அதெல்லாம் சொல்லக்கூடாத வேலை. யாரோ எழுதிக் கொடுத்த சண்டைக் கதை ஒன்று அவனுடைய விண்ணப்பத்தில் இருந்திருக்கிறது. கேள்வி கேட்கக் கேட்க அது உதிர்ந்துபோனது. அப்படியென்றால் ஏன் ஊருக்குத் திரும்பப் பயப்படுகிறாய் என்று கேட்டார்கள். அவன் உண்மையைச் சொல்ல வந்தான், சொல்ல வாய் வரவில்லை. "வீட்டில கலியாணம் பேசினவை. எனக்கு விருப்பமில்லை" என்றான். ஏன் என்று கேட்டார்கள். "விருப்பமில்லை, அவ்வளவுதான்" என்றான்.

"எனக்கு விளங்கினது நானா" என்றீர். "அந்த அறையில எனக்கு மட்டும்தான் விளங்கினது. அவன் என்னைப் பாத்தான். அவனுக்கு இதுக்குத் தெரிஞ்ச சொல்லெல்லாம் தெருவில ஏசுற சொல்லு. தன்னைத் தானே எப்பிடி ஏசுறது? நான் என்ன செய்யிறது? எனக்குக் கலியாணத்தில விருப்பமில்லை எண்டு இங்கிலிஷில சொன்னன். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை."

அவனுடைய மனு விழுந்தது. அதைச் சொல்லிவிட்டு எழும்பிப் போய் என் அச்சுப் பொறியின் பக்கம் நின்றீர். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னீர்: "அந்தக் கதிரையில நானும் ஒரு காலம் இருந்தனான் நானா. எனக்குச் சொல்ல வேற காரணம் இருந்தது. அதுவும் உண்மைதான். அதால தப்பிட்டன்."

எனக்கு விளங்கியது. உமக்கு ஏன் கலியாணமாகவில்லை என்று ஊரெல்லாம் கேட்டதற்கு மறுமொழி அன்றைக்கு என் மேசைக்கு வந்தது. என் மார்க்கம் இதற்கு என்ன சொல்கிறது என்று எனக்குத் தெரியும். உம்மையும் எனக்குத் தெரியும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. "தேத்தண்ணி ஆறுது, குடியும்" என்றேன். நீர் குடித்தீர். ஆறிப்போன தேத்தண்ணியை முழுவதும் குடித்தீர்.

அந்தக் கிழமையே அயர்லாந்துக்காரரின் கதையை எழுதப் போவதாகச் சொன்னீர். நூறு வருடத்துக்கு முந்தி, இங்கிலாந்தை ஒரு மகாராணி ஆண்ட காலத்தில் வாழ்ந்த எழுத்தாளர். கல்லூரிக் காலத்திலிருந்தே உமக்கு அவர் மேல் பைத்தியம். எனக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியாது. நீர் கடையில் இருந்து கதை கதையாகச் சொல்வீர், நான் அட்டை வெட்டிக்கொண்டே கேட்பேன். இலண்டனில் ஒரே நேரத்தில் அவருடைய இரண்டு நாடகம் ஓடியது. வாய் திறந்தால் சபை சிரித்தது. மனைவி, இரண்டு ஆண்பிள்ளைகள். அவருக்கு ஓர் இளைஞன் மேல் காதல் வந்தது. அந்த இளைஞனின் தகப்பன் ஒரு பிரபு, முரடன். அவன் ஓர் அட்டையில் இவரை இழிவாக எழுதி வைத்துவிட்டுப் போனான். இவர் பேசாமல் கிழித்துப் போட்டிருக்கலாம். மானம் போயிற்று என்று வழக்குப் போட்டார். வேலியாலே போன ஓணானை மடிக்குள்ளே விட்ட கதைதான். வழக்குப் போட்டவரையே கடைசியில் குற்றவாளி ஆக்கினார்கள். கப்பல் ஏறிப் பிரான்சுக்குப் போய்விடு என்று சிநேகிதர்கள் கெஞ்சினார்கள். அவர் போகவில்லை.

"ஏன் போகேல்ல? விசர் மனுசன்" என்றேன் நான்.

"ஒவ்வொருக்காலும் ஓடினா, கடைசியில ஆர் இருந்து சொல்லுறது நானா?" என்றீர்.

நான் பக்கம் அமைத்துக் கொடுத்த வாரப் பத்திரிகை ஒன்று அப்போது இருந்தது. மரக்கறிக் கடை வாசலில் சும்மா எடுத்துக்கொண்டு போவார்களே, அதுதான். அதன் ஆசிரியர் நல்ல மனுசன், பயந்த மனுசன். தைப்பொங்கல் இதழில் தொடரைத் தொடங்கினார். ஆனால் நீர் 'காதல்' என்று எழுதிய இடத்திலெல்லாம் 'நட்பு' என்று மாற்றினார். சிறைக்குப் போன காரணம் வரும் இடத்தில் 'அக்காலச் சட்டத்துக்கு ஒவ்வாத காரணத்தால்' என்று தன் கையால் எழுதினார். "அண்ணை, குறை நினைக்காதேங்கோ. விளம்பரக்காரர் விட்டிட்டுப் போயிடுவினம்" என்று உம்மிடமே வந்து சொன்னார். உமக்குக் கோபம் வரும் என்று நான் நினைத்தேன். நீர் சிரித்தீர்.

அவர் போன பிறகு எனக்குத்தான் கோபம். கூட்டக்கூடாது குறைக்கக்கூடாது என்று பிழைக்கிற மனுசன் இதற்கு எப்படி ஒத்துக்கொண்டீர் என்று கேட்டேன். நீர் சொன்ன மறுமொழியை நான் மறக்கவில்லை. "முதல்ல அந்த மனுசன்ல சனத்துக்கு ஒள்ளுப்பம், கொஞ்சமாவது பிரியம் வரட்டும் நானா. பிரியம் வந்தாப்பிறகு காரணத்தைச் சொல்லுவம். மறுகா, அதுக்குப் பிறகு, அவரை வெறுக்க ஏலாது. கடைசிப் பகுதியில நான் என்ர பேரைப் போட்டுச் சொல்லுவன். அந்தப் பெடியனைப் போல இன்னொருத்தன் அந்தக் கதிரையில வந்து இருந்தா, அவனுக்கு ஏசாத சொல்லில ஒரு வசனமாவது தமிழில இருக்கட்டும்."

வசனத்தையும் சொல்லிக் காட்டினீர். அவர் ஓர் ஆணை நேசித்தார், அதற்காக அவரைச் சிறையில் போட்டார்கள். அவ்வளவுதானா என்று கேட்டேன். அவ்வளவுதான், இதற்கு மேல் ஒரு சொல்லும் தேவையில்லை என்றீர்.

சனத்துக்குப் பிரியம் வந்தது. வந்த வழிதான் ஐசே, நாங்கள் இருவரும் நினைக்காத வழி. அயர்லாந்துக்காரன், ஆங்கிலேயனின் நீதிமன்றம், சிறை, கடூழியம், பிறகு பிறநாட்டில் சாவு. எங்களுடைய சனத்துக்கு இது போதாதா? அயர்லாந்து என்றாலே எங்களுக்கு விடுதலைப் போராட்டம். நீர் எழுதியவரை ஒரு விடுதலை வீரர் என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஆசிரியரும் அதை வளர்த்தார். கைவிலங்கு உடையும் படம் ஒன்று என் கணினியில் மே தினத்துக்கென்று கிடந்தது, அதைத் தலைப்புக்கு மேலே போடச் சொன்னார். பிரம்ரனிலிருந்து ஒரு பெரியவர் கடைக்கே தொலைபேசி எடுத்தார். நீர் பக்கத்தில் இருந்ததால் உம்மிடம் கொடுத்தேன். "தம்பி, அந்த மனுசன் உள்ளுக்கை போயும் ஒருத்தரையும் காட்டிக் குடுக்கேல்லைப் பாத்தீரே?" என்று கேட்டார். நீர் ஒரு கணம் கண்ணை மூடிவிட்டு, "ஓம் அங்கிள், ஒருத்தரையும் காட்டிக் குடுக்கேல்ல. அது உண்மை" என்றீர். வைத்த பிறகு நாங்கள் இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கொத்துரொட்டிக் கடைக்காரன் எட்டிப் பார்த்தான்.

ஆனால் கிழமைக்குக் கிழமை அந்தச் சிரிப்புக் குறைந்தது. வன்னியில் சண்டை இறுகிக்கொண்டு வந்தது. அதை நிறுத்தச் சொல்லிச் சனம் டவுன்ரவுனில் தெருவோரம் பிள்ளை குட்டிகளோடு குளிரில் நின்றது. நீரும் விசாரணை முடிய நேரே அங்கே போய் நிற்பீர். ஒரு நாள் நானும் வந்தேன். எங்கள் சோனகத் தெருவை ஒரே நாளில் வெறுமையாக்கி, உடுத்த உடுப்போடு முஸ்லிம்களாகிய எங்களை யாழ்ப்பாணத்தை விட்டு அனுப்பிய இயக்கத்தவர்களின் கொடியும் அங்கே பறந்தது. அதற்குக் கீழே நிற்க என்னால் முடியவில்லை, விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. தெருவுக்கு மறுகரையில் நின்றேன். நீர் கோப்பிக் கடையில் இரண்டு தேத்தண்ணி வாங்கிக்கொண்டு தெருவைக் கடந்து வந்து என்னோடு நின்றீர். ஒன்றும் கேட்கவில்லை. உம்மிடம் எனக்குப் பிடித்தது அதுதான்.

மே மாதத் தொடக்கத்தில், ஆசிரியர் ஒரு தேவாலயத்தின் கீழ்மண்டபத்தை எடுத்து உம்மைப் பேசக் கூப்பிட்டார். சிறைக்கு அஞ்சாத எழுத்தாளன் என்று தலைப்பு. துண்டுப் பிரசுரம் நான்தான் அடித்தேன். அன்று காலை கடைக்கு வந்து, "இண்டைக்குச் சொல்லப்போறன் நானா" என்றீர். கடைசிப் பகுதியை எழுதிக் கொடுக்குமுன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்றீர். எழுதினால் ஆசிரியர் வெட்டுவார், வாயை யார் வெட்டுவது என்று கேட்டீர். உம்முடைய சேர்ட் புதுசு. சவரம் செய்த இடத்தில் ஒரு வெட்டு. மாப்பிள்ளை மாதிரி இருக்கிறீர் என்று நான் பகிடி பண்ணினேன், நீர் சிரிக்கவில்லை.

மண்டபம் நிறைந்திருந்தது. பாதிப் பேர் தெருவோரத்திலிருந்து நேரே வந்தவர்கள். எல்லோர் கையிலும் போன். வன்னியிலிருந்து ஒருவருக்கும் தொடர்பில்லாத நாள் அது. நீர் எழுந்து, கையில் தாள் இல்லாமல், ரயில் மேடையில் விலங்கோடு நின்ற கதையைச் சொன்னீர். மழையில் ஒரு மனுசனை நிற்க வைத்து, சனம் கூடிச் சிரித்து, ஒருவன் முகத்தில் துப்பிய கதை. நாடக விளம்பரத்தில் அவருடைய பெயரை மட்டும் மறைத்துவிட்டு நாடகத்தை நடத்திக் காசு பார்த்த கதை. மனைவி பயந்து பிள்ளைகளின் குடும்பப் பெயரையே மாற்றிய கதை. சனம் மூச்சு விடாமல் கேட்டது. பிறகு நிறுத்தினீர். "இவரை என்ன காரணத்துக்காகச் சிறையில போட்டவை எண்டு நான் இண்டைவரைக்கும் உங்களுக்குச் சொல்லேல்ல" என்றீர். மேசையில் இருந்த தண்ணீர்க் கோப்பையை எடுத்தீர், கை நடுங்கித் தண்ணீர் சிந்தியது, குடிக்காமலே வைத்தீர். ஆசிரியர் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் மூன்றாம் வரிசையில் ஓர் அக்கா எழும்பினா. தோளில் நீலச் சால்வை. அவவின் ஒரே மகன் வன்னிக்குள்ளே அகப்பட்டிருக்கிறான் என்று மண்டபத்தில் எல்லோருக்கும் தெரியும்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன், குறை நினையாதேங்கோ" என்றா. "அவர் சிறையில இருந்து உயிரோட வெளிய வந்தவரோ? அதை மட்டும் முதல்ல சொல்லுங்கோ."

நீர் அவவைப் பார்த்தீர்.

"ஓம் அம்மா. உயிரோட வெளிய வந்தவர்."

"கை கால் சுகமாவோ?"

"சுகமா."

"தாய் இருந்தவவோ, அவர் வரேக்குள்ள?"

அவர் உள்ளே இருக்கும்போதே தாய் இறந்துவிட்டா. அந்த மண்டபத்தில் அது தெரிந்தவர்கள் நீரும் நானும் மட்டுமே என்று நினைத்திருந்தேன். "தாய் அவரைத்தான் நினைச்சுக்கொண்டு இருந்தவ" என்றீர். வாழ்நாளில் முதல் தடவையாக ஒன்றைக் குறைத்துச் சொன்னீர். அந்த அக்கா கதிரையில் இருந்துவிட்டா. நீர் எல்லோரையும் ஒருமுறை பார்த்து, "நன்றி, வணக்கம்" என்று சொல்லிவிட்டு நீரும் இருந்துவிட்டீர். சனம் கை தட்டியது. பிறகு ரோல்சும் தேத்தண்ணியும் வந்தன.

காரில் வரும்போது நான் பொறுக்கமாட்டாமல் கேட்டேன், ஏன் சொல்லாமல் விட்டீர் என்று. நீர் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டே சொன்னீர்: "செத்தவீட்டில நிண்டுகொண்டு சொந்தப் புண்ணைக் காட்டக்கூடாது நானா. அவவின்ர துக்கம் ஒருக்கா முடியட்டும். மறுகா எங்கட." அந்த 'எங்கட'வில் என்னையும் சேர்த்தீர் என்று எனக்கு விளங்கியது. எங்கள் ஊரை விட்டு எங்களை எழுப்பிய கதையை நானும் அந்த மண்டபத்தில் ஒரு நாளும் சொன்னதில்லை. நீர் சொன்னது சரி என்றே எனக்கு அன்றைக்குப் பட்டது.

அந்த மாதம் முடியுமுன் எல்லாம் முடிந்தது. பத்திரிகை கறுப்புக் கரையோடு வந்தது. உம்முடைய தொடரின் இடத்தில் படங்கள் வந்தன. எப்படிப்பட்ட படங்கள் என்று உமக்குச் சொல்லத் தேவையில்லை, பக்கம் அமைத்த எனக்கும் மறக்க வழியில்லை. எங்களை ஊரை விட்டு எழுப்பியவர்கள் இல்லாமல் போனார்கள். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. கடைக்குப் படம் பெருப்பிக்க வந்த ஒவ்வொரு முகமும் தெரிந்த முகம். அந்த அக்காவும் மகனின் படத்தைக் கொண்டுவந்தா. கீழே பிறந்த திகதி மட்டும் போடச் சொன்னா. மற்றது ஒருவருக்கும் தெரியாது, தெரியாததைப் போட வேண்டாம் என்றா.

கடைசிப் பகுதி வரவில்லை. ஆசிரியரிடம் நான் ஒருமுறை கேட்டேன். "நானா, ஊரே எரிஞ்சு போச்சு, உது இப்ப தேவையோ?" என்றார். குறை சொல்ல மாட்டேன், அவருடைய தங்கை குடும்பம் முழுவதும் போயிருந்தது. அந்தக் குளிர்காலம் வரமுன் பத்திரிகையும் நின்றது. நான் புத்தகமாகவே அடித்துத் தருகிறேன், நீர் எழுதும் என்றேன். "மறுகா பாப்பம்" என்றீர். அடுத்த வருடமும் கேட்டேன். "இப்ப வாற ஆக்களின்ர கதையைக் கேட்டா எனக்கு என்ர கதை எழுத வெக்கமா இருக்கு நானா" என்றீர். சண்டைக்குள்ளிருந்து தப்பி வந்தவர்களின் விசாரணைகள் அப்போது கூடியிருந்தன. நாள் முழுக்க நான், நான் என்று அவர்களுடைய கதையைச் சொல்லிவிட்டு வருவீர். உம்முடைய 'நான்' எங்கே போயிற்று என்று நான் கேட்டிருக்க வேண்டும் ஐசே. ஒரு துக்கம் முடியட்டும் என்று நீர் இடம் விட்டீர். அது முடியவில்லை. இன்றைக்கும் முடியவில்லை. முடியாத ஒன்றுக்குப் பின்னால் நிற்கிறோம் என்று எங்கள் இருவருக்கும் ஏன் தெரியாமல் போனது?

சில வருடம் கழித்து ஒரு பெப்ரவரியில் ஆஸ்பத்திரியிலிருந்து எனக்குப் போன் வந்தது. அவசரத்துக்கு அழைக்க என்று என் கடை நம்பரைக் கொடுத்திருந்தீர். மூளையில் இரத்தம் கசிந்து நீர் நினைவில்லாமல் கிடந்தீர். உறவென்ன என்று தாதி கேட்டாள், ஃபிரண்ட் என்றேன். இரண்டு நாள் பக்கத்தில் இருந்தேன். நீர் எனக்கு யாசீன் ஓதுவதாகச் சொன்னீர், முறை மாறிப் போனது. மனப்பாடமான தேவாரம் ஒன்றை உம்முடைய காதருகே மெதுவாகச் சொன்னேன். பிறகு எங்களுடையதையும் ஓதினேன். எது உமக்குப் போய்ச் சேர்ந்ததோ, ஆண்டவனுக்குத்தான் தெரியும்.

செத்தவீட்டுக்குச் சனம் வந்தது. நீர் யாருக்கெல்லாம் 'நான்' சொன்னீரோ அவர்களில் கனபேர் வந்திருந்தார்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. உரித்துக்காரர் என்று நின்றவர் இலண்டனிலிருந்து வந்த உம்முடைய மருமகன், சகோதரியின் பிள்ளை. உம்மைச் சின்ன வயதில் ஒருமுறை கண்டாராம். எல்லோரும் அவருக்குத்தான் கை கொடுத்தார்கள், நானும் கொடுத்தேன். பழைய ஆசிரியர் எழும்பி, அயர்லாந்தின் விடுதலைக்காகச் சிறை சென்ற எழுத்தாளனைத் தமிழுக்குத் தந்தவர் என்று உம்மைப் புகழ்ந்தார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு தேத்தண்ணி வைத்திருந்த அறைக்குப் போனேன். அங்கே அந்த அக்கா இருந்தா.

"உவர் சொன்னது பிழைதானே நானா?" என்று மெதுவாகக் கேட்டா.

எடுத்த கோப்பையை மேசையிலேயே வைத்தேன்.

"எனக்கு அப்பவே தெரியும்" என்றா. "எனக்குக் கண் சரியில்லை, பேப்பரை மகள்தான் வாசிக்கிறவள். மூண்டாம் கிழமையே சொல்லிப்போட்டாள். அம்மா, இந்த ஆளை நாங்கள் இங்கிலிஷ் கிளாஸில படிச்சனாங்கள், ஹீ வாஸ் கே, அதுக்குத்தான் ஜெயில் எண்டு. தாய் செத்ததும் அவள் சொன்னவள்தான். அண்டைக்கு நான் மண்டபத்துக்கு வந்ததே தம்பி அதை எப்பிடிச் சொல்லப்போறார் எண்டு கேக்கத்தான். எழும்பி நிண்டு நடுங்கினவர். பாவம், சொல்ல ஏலாமல் நிக்கிறார், சனத்துக்கு முன்னால அவமானப்படப்போறார் எண்டு நினைச்சன். அதுதான் அவருக்குச் சொல்லக்கூடிய ஒண்டைக் கேட்டன்."

நான் கதிரையில் இருந்துவிட்டேன். அவ தொடர்ந்து சொன்னா. "சொல்லியிருந்தா நான் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பன் நானா. பிள்ளை எங்கை எண்டு தெரியாமல் இருந்தவள் நான். உயிரோட இருந்து ஆரையாவது விரும்பினா, அது ஆராயிருந்தா எனக்கென்ன?"

நீர் அவவுக்காகத்தான் வாயை மூடினீர் என்று நான் அவவிடம் சொல்லவில்லை. அவ சுமப்பது போதும். உமக்கும் அது தெரியாமல் போனது ஒரு வகையில் நல்லது என்று என்னை நானே தேற்றிக்கொள்ளப் பார்க்கிறேன். முடிவதில்லை. ஒருவருக்கொருவர் வழி விட்டு வழி விட்டு, ஒருவருமே போகாமல் நின்றுவிட்டீர்கள்.

கடைசிப் பகுதியை இப்போது சொல்லும்படி கேட்டா. அடுத்த அறையில் நீர் கிடக்க, நான் சொன்னேன். நீர் எனக்குச் சொன்னபடியே, கூட்டாமல் குறைக்காமல். அவர் ஓர் ஆணை நேசித்தார், அதற்காக அவரைச் சிறையில் போட்டார்கள் என்று தொடங்கினேன். பழைய கப்பல் கயிற்றை நகம் பிய்யப் பிரித்த வேலை, விடுதலையானதும் கப்பலேறிப் பிரான்சுக்குப் போய் வேறொரு பெயரில் வாழ்ந்தது, பிள்ளைகளைப் பிறகு காணவே கிடைக்காதது, பாரிஸில் மலிவான விடுதி ஒன்றில் செத்தது எல்லாவற்றையும் சொன்னேன். இன்றைக்கு எந்தெந்த நாட்டுப் பிள்ளைகளோ உதட்டுச் சாயத்தோடு போய் அந்தக் கல்லறையைக் கொஞ்சிவிட்டு வருவார்களாம் என்றும் சொன்னேன்.

"சாகேக்குள்ள பக்கத்தில ஆரும் இருந்தவையோ?"

"ஓம் அக்கா. சிநேகிதர் ரெண்டு பேர் இருந்தவை."

"தம்பிக்கு?"

"நான் இருந்தனான்."

"அது சரி, நீங்கள் சிநேகிதர்" என்றா. கதிரையை என் பக்கம் இழுத்தா. "தம்பிக்கெண்டு ஒருத்தர் இருந்தவரோ?"

அயர்லாந்துக்காரரின் நாடகம், வழக்கு, சிறை, அவர் செத்த விடுதியின் சுவரில் ஒட்டியிருந்த கடதாசி வரைக்கும் எனக்குத் தெரியும். உம்மைப் பற்றிக் கேட்ட அந்த ஒரு கேள்விக்கு என்னிடம் மறுமொழி இல்லை. தெரியாது அக்கா என்றேன். பிறகு எழும்பிப் போய் மண்டபத்தின் வாசலில் நின்று, வந்திருந்த முகம் ஒவ்வொன்றையும் பார்த்தேன். பின்வரிசைகளில் தனியாக இருந்த ஆண்களைப் பார்த்தேன். யாராவது ஒருவர் மற்றவர்களைவிடக் கூட அழுகிறாரா என்று பார்த்தேன். இருந்தால் கையைப் பிடித்துக் கூட்டிவந்து முன்வரிசையில், அந்த மருமகனுக்குப் பக்கத்தில் இருத்தியிருப்பேன். எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

எங்களுடைய சனம் ஒருவர் போனால் அந்த வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிக்கும். எவ்வளவு தூரமானாலும், எவ்வளவு பிந்தினாலும் ஒருக்காவாவது போய், எதிரே இருந்து, போனவரைப் பற்றிக் கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு வரும். உமக்கு நான் இன்னும் அதைச் செய்யவில்லை. எங்கேயோ ஓர் அப்பார்ட்மென்ரில் உம்மை நினைத்துக்கொண்டு ஒருவர் தனியே இருக்கிறாரோ, தமிழரோ வேறு ஆளோ, அல்லது அப்படி ஒருவர் உமக்கு வாய்க்கவே இல்லையோ, தெரியாது. இருக்கிறார் என்று தெரிந்தால் மகனிடம் சொல்லி இந்தப் பனியிலும் கார் எடுத்துப் போவேன். விலாசம் நீர் தரவில்லை. தேத்தண்ணி ஆறுது, குடியும் என்று சொன்ன நான், அதை உம்மிடம் கேட்கவும் இல்லை.